தாரை ஓடினால் போதுமா? பழைய படகு இஞ்சினுக்கும் வெப்பமானி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளேட்டின் ஞாயிறு வாசகர் பகுதியில், சிறு படகுகளைப் பராமரிப்பது குறித்துப் பினாங்கு நண்பர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை ஆர்வத்துடன் படித்தேன். எண்ணெய்க் கலவை பற்றியும் உந்துவிசிறியைப் பற்றியும் அவர் சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால், இஞ்சினின் பின்புறத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும்வரை வெப்பத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றும், பழைய இஞ்சினுக்கு வெப்பமானி மாட்டுவது கிழட்டு மாட்டுக்குச் சலங்கை கட்டுவதைப் போன்றது என்றும் அவர் முடித்திருந்ததைப் படித்தபோது, இதே நம்பிக்கையில் ஓர் இஞ்சினைக் கருகவிட்டவன் என்ற முறையில் மறுமொழி எழுதாமல் இருக்க முடியவில்லை. சலங்கை தேவைப்படுவது கிழட்டு மாட்டுக்குத்தான். இளங்காளை எங்கே போகிறது என்பது சலங்கை இல்லாமலேயே தெரிந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு சொல். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் 27 ஆண்டுகள் சூளைகளின் வெப்ப உணரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். இப்போது வார இறுதிகளில் 19 அடி ஃபைபர் படகு ஒன்றில் தெலுக் கும்பாரிலிருந்து தூண்டில் போடப் போகிறவன். மீன்பிடிப்பைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்குக் கடலைப் பற்றிச் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை; வெப்பத்தை அளப்பதைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மலாய் நண்பர்கள் ‘எஞ்சின் சங்குட்’ என்று அழைக்கும், படகின் பின்பலகையில் தொங்கவிடும் இந்த இஞ்சின்களில், காரில் இருப்பதைப் போன்ற ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரையே உறிஞ்சி, இஞ்சினுக்குள் சுற்றவிட்டு, மீண்டும் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். நீருக்குள் மூழ்கியிருக்கும் கியர் பெட்டியின் பக்கவாட்டுச் சல்லடை வழியாக நுழையும் தண்ணீரை, அதற்கு மேலே இருக்கும் பம்பின் இம்பெல்லர் என்னும் ரப்பர் இதழ்ச் சக்கரம் ஒன்று செங்குத்தான குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. அந்தத் தண்ணீர் புகைபோக்கிப் பகுதியின் சுவரையும் சிலிண்டர்களின் சுவரையும் கடைசியாக, சிலிண்டர்களின் வாயை மூடியிருக்கும் சிலிண்டர் ஹெட்டையும் குளிர்வித்துவிட்டு, தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறுகிறது. வெளியே நமக்குத் தெரியும் அந்த மெல்லிய தாரைக்குப் படகுத்துறையில் வழங்கும் பெயரைத் தங்கள் நாளேட்டில் எழுதக் கூச்சமாக இருப்பதால், அடையாளத் தாரை என்றே குறிப்பிடுகிறேன்.

அந்தத் தாரை எங்கிருந்து கிளை பிரிகிறது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. பல இஞ்சின்களில் அது பயணத்தின் முடிவில், தெர்மோஸ்டாட்டைத் தாண்டிய பிறகு பிரிவதில்லை; பாதி வழியிலேயே, புகைபோக்கி மூடியின் பக்கத்திலிருந்து ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாகப் பிரிந்து வெளியே வந்துவிடுகிறது. அப்படியானால் அந்தத் தாரை நமக்குச் சொல்வது, பம்பு தண்ணீரை மேலே ஏற்றுகிறது என்ற ஒரே ஒரு செய்தியைத்தான். ஏறிய தண்ணீர் ஹெட்டுக்குள் போய்ச் சேர்ந்ததா, அங்கிருந்து வெளியேற வழி கிடைத்ததா என்பதைப் பற்றி அது வாய் திறப்பதே இல்லை. வீட்டு வாசல் குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காக மாடித் தொட்டி நிரம்பிவிட்டதாக யாரும் கணக்குப் பார்ப்பதில்லை அல்லவா?

எனக்கு நேர்ந்தது இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், நானும் என் மைத்துனரும் கெண்டித் தீவுக்கு அப்பால் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இஞ்சின் 40 குதிரைத்திறன் கொண்ட, இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். கயிறு இழுத்து முடுக்குவது, பேட்டரி கிடையாது, எச்சரிக்கை மணியும் கிடையாது. பாதி வழியில் இஞ்சினின் குரல் சற்றே கனத்தது. மைத்துனர் திரும்பிப் பார்த்து, ‘தண்ணி நல்லாத்தான் அடிக்குது மச்சான், போங்க’ என்றார். நானும் பார்த்தேன், தாரை விரல் தடிமனில் வளைந்து விழுந்துகொண்டிருந்தது. அடுத்த ஐந்து நிமிடங்களுக்குள் இஞ்சின் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. முடுக்குக் கயிற்றை இழுத்தால் கல்லைக் கட்டி இழுப்பதைப் போல இருந்தது. பக்கத்தில் வலை வைத்துக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் கயிறு போட்டு எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார். ‘இஞ்சினுக்குக் காய்ச்சலா?’ என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டதற்கு அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது மேல் சிலிண்டரின் பிஸ்டன் பக்கவாட்டில் உரசிக் கோடுகோடாகக் கிழிந்திருந்தது. தெர்மோஸ்டாட் உப்புப் படிவத்தில் இறுகி, மூடிய நிலையிலேயே நின்றுவிட்டிருந்தது. மேல் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப் பாதையில், கெட்டிலில் கட்டிக்கொள்ளும் சுண்ணாம்பைப் போல வெள்ளைக் கட்டி அடைத்திருந்தது. பிறகு ஏன் தாரை ஓடியது என்று கேட்டேன். அந்தப் பட்டறைக்காரர் ஒன்றும் பேசாமல், புகைபோக்கி மூடியில் இருந்த சிறு முழங்கைக் குழாயை ஸ்குரூ டிரைவரின் நுனியால் தொட்டுக் காட்டினார். சரிசெய்ய 2,000 வெள்ளிக்கு மேல் ஆனது. தொழிற்சாலையில் ஒவ்வொரு சூளைக்கும் மூன்று உணரிகள் வைத்துக் கண்காணித்தவன், சொந்த இஞ்சினைக் குத்துமதிப்பாக ஓட்டியிருக்கிறேனே என்ற வெட்கம் அந்தச் செலவைவிட அதிகமாக உறுத்தியது.

பழைய இஞ்சின்களில் இந்த ஆபத்து ஏன் கூடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியம் சல்பேட் போன்ற உப்புகள் சர்க்கரையைப் போன்றவை அல்ல. நீர் சூடாகச் சூடாக அவற்றின் கரையும் தன்மை குறைந்து, சூடான உலோகச் சுவரிலேயே படிந்துவிடுகின்றன. இதனால்தான் காரின் தெர்மோஸ்டாட் 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் திறக்க, படகு இஞ்சின்களில் அது பெரும்பாலும் 50 முதல் 60 டிகிரியை ஒட்டியே திறக்குமாறு அமைக்கப்படுகிறது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவினாலும், பதினைந்து இருபது ஆண்டுகளில் மூலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிவம் சேரத்தான் செய்யும். படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே சுவர் மேலும் சூடாகும். சூடானால் மேலும் படியும். நம் பக்கத்துக் கடலின் வெப்பமே ஏறத்தாழ 30 டிகிரி இருப்பதால், குளிர்நாட்டு ஏரியில் ஓடும் இஞ்சினுக்குக் கிடைக்கும் சலுகை இங்கே கிடைப்பதுமில்லை. பாயான் லெப்பாஸ், பத்து மாவுங் கரைகளில் நீர் வற்றும் நேரத்தில் கிளம்பும் சேறும், இம்பெல்லரின் ரப்பர் இதழ்களைத் தேய்த்து, பாதைகளில் வண்டலாகத் தங்குவதைப் படகுக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள்.

பெரியவர்கள் கடைப்பிடித்து வந்த முறை ஒன்று உண்டு. மேல்மூடியைக் கழற்றிவிட்டு ஹெட்டின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சில நொடிகள் தாங்க முடிந்தால் சரி, தொட்ட மாத்திரத்தில் கையை எடுக்க வேண்டியிருந்தால் தவறு. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 50 டிகிரியைக் கை சற்று நேரம் பொறுக்கும், 60-ஐத் தாண்டினால் பொறுக்காது, ஆகவே அது உண்மையிலேயே ஓர் அளவைதான். ஜான்சன், எவின்ரூட் என்னும் அமெரிக்க நிறுவனங்களின் பழைய இஞ்சின்களுக்கான பழுதுபார்ப்புக் கையேடுகளும் ஏறக்குறைய இதையே வேறு விதமாகச் செய்யச் சொல்லின: 125 டிகிரி பாரன்ஹீட்டில் உருகும் மெழுகுக் குச்சி ஒன்றாலும் 163 டிகிரியில் உருகும் குச்சி ஒன்றாலும் ஹெட்டில் கோடு கிழிக்க வேண்டும், முதல் கோடு உருக வேண்டும், இரண்டாவது உருகக் கூடாது. செல்சியஸில் இவை சுமார் 52-உம் 73-உம் ஆகும். ஆனால் கையானாலும் மெழுகானாலும், மூடியைக் கழற்றி நின்று பார்க்கும் நேரத்துக்கு மட்டுமே உதவும். இஞ்சின் கருகுவது மூடி பூட்டப்பட்டு, படகு முழுவேகத்தில் அலையில் துள்ளிக்கொண்டு போகும்போதுதான்.

சரி, வெப்பமானி மாட்டுவதென்று முடிவு செய்தால் உணரியை எங்கே வைப்பது? இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

காரில் செய்வதைப் போல நீர்ப் பாதையில் துளையிட்டு, மரையிட்டு, பித்தளை உணரியை முடுக்குவது முதலில் தோன்றும் வழி. பழைய இஞ்சினில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹெட்டின் அலுமினியம் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் அல்ல. தவறான இடத்தில் துளையிட்டால் எரியறைக்குள்ளேயே போய் நிற்கும். சரியான இடத்தில் துளையிட்டாலும், உப்புநீரில் அலுமினியமும் பித்தளையும் ஒட்டி உறவாடினால் அலுமினியம்தான் அரித்துப்போகும். மூன்றாவது காரணம் மற்ற இரண்டையும்விட முக்கியமானது: பம்பு அடியோடு செத்து, நீர்ப் பாதை காய்ந்துவிட்டால், தண்ணீரை அளக்க வைத்த உணரி அளப்பதற்குத் தண்ணீரே இல்லாமல், உண்மையைவிடக் குறைந்த வெப்பத்தைக் காட்டக்கூடும். வீடு பற்றி எரியும்போது காவல்காரர் உறங்குவதைப் போன்ற நிலை அது.

ஆகவே அளக்க வேண்டியது உலோகத்தை. அதிலும் மேல் சிலிண்டரின் ஹெட்டை. தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுவதால் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அதுதான். நீராவியும் காற்றுக்குமிழியும் தங்கும் இடமும் அதுதான். என்னுடைய இஞ்சினில் முதலில் செத்ததும் அதுதான். சில இஞ்சின்களில் பெரிய ரகங்களுக்கான எச்சரிக்கைச் சுவிட்சைச் செருகுவதற்கென்றே ஹெட்டில் ஒரு குழி வார்க்கப்பட்டு, நம்முடைய சிறிய ரகத்தில் அது வெறுமையாக விடப்பட்டிருக்கும். உதிரிப்பாகப் புத்தகத்தில் மின்முடுக்கி உள்ள ரகத்தின் படத்தையும் இல்லாத ரகத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். குழி இருந்தால் அதைவிட நல்ல இடம் வேறில்லை.

குழி இல்லாதபோது, வளையம் போன்ற நுனியுடைய உணரியைத் தெர்மோஸ்டாட் மூடியின் சிறிய போல்ட் ஒன்றுக்கு அடியில் வைத்து முடுக்கலாம். ஹெட்டைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டுகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அவற்றின் முறுக்கம் மாறினால் கேஸ்கட் போய்விடும். சிறிய போல்ட்டிலும் அவசரம் கூடாது. உப்பில் இறுகிய 6 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டால், ஐந்து நிமிட வேலை ஐந்து நாள் வேலையாகிவிடும். முதல் நாளே துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டு, லேசாகச் சூடுகாட்டி, முன்னும் பின்னுமாகக் கால் சுற்றுச் சுற்றி எடுப்பதே வழி. அதுவும் பயமாக இருந்தால், தெர்மிஸ்டர் என்னும் சிறு மணியளவு வெப்ப உணரியைப் பெயிண்ட் சுரண்டிய இடத்தில், அலுமினியத் தூள் கலந்த எபாக்சி கொண்டு ஒட்டி, வெளிப்புறத்தையும் அதே எபாக்சியால் மூடிவிடலாம். நான் செய்திருப்பது இதைத்தான். பார்க்க அழகாக இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாக அசையவில்லை.

தீப்பொறிப் பிளக்குக்கு அடியில் வைக்கும் வளைய உணரிகளும் கடைகளில் கிடைக்கின்றன. நம் இஞ்சின்களில் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் பிளக் என்பதால் அளவு பொருந்தும், மாட்டுவதும் எளிது. ஆனால் அது எரியறைக்கு மிக அருகில் இருப்பதால் குளிர்நீரின் வெப்பத்தைவிட வெகு அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்துப் பதறியவர்களை நான் அறிவேன். எண் பெரிதாக இருப்பதில் தவறில்லை, பழகிக்கொண்டால் போதும். பிளக்கை மாற்றும்போதெல்லாம் அந்த மெல்லிய கம்பி முறுக்கப்படுவதுதான் அதன் உண்மையான குறை.

பேட்டரியே இல்லாத இஞ்சினுக்கு மானி எப்படி வேலை செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. அத்தகைய இஞ்சின்களில் விளக்கு எரிக்க வைத்திருக்கும் கம்பிச் சுருளிலிருந்து வரும் மின்சாரம் மாறுதிசை மின்சாரம். அதை நேர்திசையாக்கி நிலைப்படுத்தாமல் நேரடியாக மானிக்குக் கொடுத்தால் மானிதான் போகும். அதற்குப் பதிலாக, சொந்தமாகச் சிறு பேட்டரி வைத்து இயங்கும் மின்னணு வெப்பமானி ஒன்றை, நீர்புகாப் பெட்டிக்குள் வைத்துக் கைப்பிடிக்கு முன்னால் பொருத்திவிடலாம். உணரியின் கம்பியைப் பிளக் கம்பியோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தீப்பொறிக்கும் எண்கள் கூத்தாடும். உள்ளே மின்தடை உள்ள ரெசிஸ்டர் வகைப் பிளக் போட்டால் அந்தக் கூத்து பெருமளவு அடங்கும். உணரி, கம்பி, பெட்டி எல்லாம் சேர்த்து எனக்கு 150 வெள்ளிக்குள்தான் செலவானது.

பேட்டரி உள்ள படகுகளில் முள் காட்டும் 12 வோல்ட் மானிகளை மாட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. மானியையும் உணரியையும் வெவ்வேறு இடத்தில் வாங்காதீர்கள். ஒரு தயாரிப்பாளரின் உணரிக்கு இன்னொரு தயாரிப்பாளரின் மானி பொருந்தாமல், முள் எதையோ காட்டிக்கொண்டிருக்கும். அதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. இந்த வகை உணரிகளில் வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும். தடை குறையக் குறைய முள் ‘சூடு’ பக்கம் போகும். அப்படியானால், உப்பில் அரித்துக் கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? தடை எல்லையில்லாமல் கூடி, முள் ‘குளிர்’ பக்கமே படுத்துவிடும். அதாவது பழுதடைந்த மானி, எல்லாம் நலம் என்றே சொல்லும். பத்து நிமிடம் ஓடிய பிறகும் முள் எழவில்லை என்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம். உணரியின் கம்பியைக் கழற்றி இஞ்சின் உலோகத்தில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். முள் கடைசிவரை ஓடினால் மானியும் கம்பியும் சரி, உணரியையோ தெர்மோஸ்டாட்டையோதான் சந்தேகிக்க வேண்டும். திறந்தபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் இஞ்சினைக் குளிரவே வைத்திருக்கும். அதில் உடனடி ஆபத்து இல்லையென்றாலும் பிளக்கில் கரி கட்டும்.

பொருத்துவதற்கு முன் உணரியைச் சமையலறையிலேயே சோதித்துவிடலாம். கொதிக்கும் தண்ணீரில் இட்டால் கடல்மட்டத்தில் 100 டிகிரி காட்ட வேண்டும். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. குறித்து வைத்துக்கொண்டால் போதும். தெர்மோஸ்டாட்டையும் அதே பாத்திரத்தில், அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, எந்த வெப்பத்தில் திறக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பழைய பாத்திரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பது என் அனுபவத்தில் பிறந்த அறிவுரை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எத்தனை டிகிரி வரை போகலாம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதற்கு எல்லா இஞ்சினுக்கும் பொருந்தும் பதில் கிடையாது. உணரியை வைத்த இடம், ஒட்டிய விதம், தெர்மோஸ்டாட்டின் ரகம் ஆகியவற்றுக்கு ஏற்ப எண் மாறும். நாம் அறிய வேண்டியது நம்முடைய இஞ்சினின் வழக்கமான எண் என்ன என்பதையே. இஞ்சின் நல்ல நிலையில் இருக்கும்போது, தண்ணீர்ப் பம்பைப் புதுப்பித்து, தெர்மோஸ்டாட்டைச் சுத்தம் செய்த கையோடு, மெதுவாக ஓடும்போது எவ்வளவு, பாதி வேகத்தில் எவ்வளவு, முழுவேகத்தில் எவ்வளவு என்று ஒரு சிறு நோட்டில் எழுதிவிட வேண்டும். என் இஞ்சினில் அவை முறையே 51, 52, 54. நோட்டில் உள்ள எண்ணிலிருந்து விலகினால் அதுதான் செய்தி.

எச்சரிக்கை மணி உள்ள இஞ்சின்களை வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது தேவையில்லை என்று நினைக்கலாம். மேலே சொன்ன ஜான்சன், எவின்ரூட் பழைய ரகங்கள் பலவற்றில் அந்த மணியை அடிக்கும் சுவிட்ச் வேலை செய்வது 211 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது சுமார் 99 டிகிரி செல்சியஸில். 60-இல் ஓட வேண்டிய இஞ்சின் 99-ஐத் தொட்ட பிறகு ஒலிக்கும் மணி, ஒன்றும் இல்லாததற்கு இது தேவலாம் என்ற வகையைச் சேர்ந்தது. அதற்குள் பிஸ்டன் விரிந்து, எண்ணெய்ப் படலம் கிழிந்து, உரசல் தொடங்கியிருக்கக்கூடும். மானியோ 60-ஐயும் 65-ஐயும் 70-ஐயும் தனித்தனியாகக் காட்டுகிறது.

எனக்கு அது உதவிய முறையைச் சொல்கிறேன். மானி பொருத்தி எட்டு மாதங்கள் கழிந்திருக்கும். பாதி வேகத்தில் 52 காட்டி வந்தது ஒரு சனிக்கிழமை 55 காட்டியது. அடுத்த வாரம் 57. அதற்கடுத்த வாரம் 61. தாரை எப்போதும்போல விரல் தடிமனில் ஓடிக்கொண்டிருந்தது. இஞ்சினின் குரலிலும் மாற்றமில்லை. தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தேன்: கதவின் விளிம்பில் உப்புப் படிவம், அதில் நகக்கண் அளவு சிப்பித் துண்டு ஒன்று குறுக்கே சிக்கியிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய தெர்மோஸ்டாட் போட்டதும் எண் மீண்டும் 52-க்கு இறங்கியது. அன்று இஞ்சின் கருகியதற்கு முந்தைய வாரங்களிலும் இதே நாடகம்தான் நடந்திருக்க வேண்டும். பார்க்கத்தான் ஆள் இல்லை.

இன்னொரு முறை பினாங்கின் இரண்டாம் பாலத்துக்கு அருகே, ஒரே நிமிடத்தில் எண் 52-இலிருந்து 68-க்குத் தாவியது. வேகத்தைக் குறைத்து இஞ்சினை நிறுத்தித் தூக்கிப் பார்த்தால், சல்லடையின் மீது பிளாஸ்டிக் பை ஒன்று போர்வைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று தாரையும் மெலிந்துதான் இருந்திருக்கும். ஆனால் வேகமாகப் போகும்போது முன்னால் மிதக்கும் கட்டையைப் பார்ப்பதா, பின்னால் திரும்பித் தாரையைப் பார்ப்பதா?

மானியைப் படிப்பதில் இரண்டு விஷயங்கள் புதியவர்களைக் குழப்பும். இஞ்சினை நிறுத்தியவுடன் எண் சில டிகிரி ஏறும். பம்பு நின்றுவிட்டதால் உலோகத்தில் தேங்கிய வெப்பம் வெளியே வருகிறது, அவ்வளவுதான். பெரிய இஞ்சின்கள் சிலவற்றில் வேகம் கூடினால் எண் குறையும். நீரழுத்தத்தால் திறக்கும் இன்னொரு கதவு, தெர்மோஸ்டாட்டுக்காகக் காத்திராமல் தண்ணீரை அதிகமாக ஓடவிடுவதே காரணம். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

எண் திடீரென ஏறினால் வேகத்தை முற்றிலும் குறைத்துவிட்டுத் தாரையைப் பாருங்கள். தாரை ஓடினால் மெதுவான ஓட்டத்திலேயே சற்று நேரம் விட்டு எண் இறங்குகிறதா என்று கவனிக்கலாம். தாரை இல்லையென்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். பதற்றத்தில் சூடான இஞ்சின் மீது வாளியால் கடல்நீரை ஊற்றுவது மட்டும் வேண்டாம்; வார்ப்பில் விரிசல் விழுந்துவிடலாம். தாரைத் துளை அடைபட்டிருப்பதும் உண்டு: நிறுத்தி வைத்த படகில் குளவி அந்தத் துளையில் மண்கூடு கட்டிவிடும். மெல்லிய கம்பியால் குத்தினால் திறந்துகொள்ளும். தாரை இல்லாமலேயே எண் வழக்கம்போல இருந்தால் குளவியைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

இதற்கு மேலும் ஒரு படி போக விரும்புவோர் நீரழுத்தமானி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மெல்லிய குழாய் ஒன்றுதான், மின்சாரம் வேண்டாம். அழுத்தம் விழுந்து வெப்பம் ஏறினால் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது அல்லது சல்லடை அடைபட்டது. அழுத்தம் அப்படியே இருந்து வெப்பம் மட்டும் ஏறினால் அடைப்பு மேலே இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் வெப்பமானியையே வாங்குவேன்.

இம்பெல்லரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் இதெல்லாம் எதற்கு என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். மாற்றத்தான் வேண்டும். ஆனால் என் இஞ்சின் கருகிய நாளில் அதன் இம்பெல்லருக்கு வயது நான்கு மாதம்.

எவின்ரூட் இஞ்சின்களின் தயாரிப்பு 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. மற்ற நிறுவனங்களின் பழைய டூ-ஸ்ட்ரோக் ரகங்களுக்கும் ஹெட்டும் சிலிண்டர் வார்ப்பும் முன்போல எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை பாதி இஞ்சினைத் தொடுகிறது. அதைவிட, விடியற்காலையில் மலாக்கா நீரிணையில் முன்னறிவிப்பின்றி வீசும் ‘சுமாத்ரா’ காற்றில் சிக்கியவர்களுக்கு, அந்த நேரத்தில் இஞ்சின் நின்றால் என்ன பொருள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சிறு எண் தெரிந்துகொண்டிருப்பதற்கு 150 வெள்ளி அதிகமா என்பதை அவரவர் முடிவு செய்யட்டும்.

தங்கள் நாளேட்டின் வழியாக, தீவிலும் செபராங் பிறையிலும் படகு இஞ்சின் பட்டறை வைத்திருக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வேறு எந்த வேலைக்காகவாவது ஹெட்டைக் கழற்றும்போது, உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மேல் சிலிண்டரின் தடித்த பகுதியில் உணரியைச் செருகுவதற்காக, நீர்ப் பாதையைத் தொடாத ஒரு சிறு குருட்டுக் குழியை இட்டுக் கொடுங்கள். ஹெட் மேசை மீது இருக்கும்போது அது பத்து நிமிட வேலை, படகில் இருக்கும்போது ஆகாத வேலை. அப்படியே அடையாளத் தாரையின் குழாய் எந்த இடத்திலிருந்து கிளை பிரிகிறது என்பதையும் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுத் தொட்டுக் காட்டிவிடுங்கள். எனக்கு ஒருவர் அதைக் காட்டியது இஞ்சின் கருகிய பிறகுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்பர் ஒருவர்,
தெலுக் கும்பார், பினாங்கு.